ஷேர்டு லைப்ரரி: கட்டுவது முதல் காப்பாற்றுவது வரை

"தமிழ்" என்ற சொல்லைக் கொடுத்து, சி மொழியின் ஸ்டர்லென் ஃபங்ஷனிடம் நீளம் கேட்டுப் பாருங்கள். 15 என்று சொல்லும். நமக்கு அது மூன்றெழுத்து. கணினிக்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து யூனிகோட் குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும். ஐம்மூன்று பதினைந்து.

அகராதி, தேடல், யாப்புச் சரிபார்ப்பு என்று தமிழ் உரையைத் தொடும் நிரல்களில் பெரும்பாலானவற்றுக்கு எழுத்தைச் சரியாக எண்ணத் தெரிய வேண்டும். அந்த நாற்பது ஐம்பது வரிகளை ஒவ்வொரு நிரலிலும் ஒட்டி வைத்தால், ஒரு பிழையைத் திருத்தப் பத்து இடத்துக்கு அலைய வேண்டும். ஒரே இடத்தில் வைத்து எல்லா நிரல்களும் ஓடும்போது பகிர்ந்துகொள்ளச் செய்வதுதான் ஷேர்டு லைப்ரரி. இந்த எழுத்து எண்ணும் வேலையையே எடுத்துக்கொண்டு, ஒரு லைப்ரரியை முழுதாகக் கட்டிப் பார்ப்போம். 64 பிட் லினக்ஸ், ஜிசிசி கம்பைலர், குனூ லிங்கர் ஆகியவை உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை வாயால் சொல்வது போலவே தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் முக்கியமான இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

லிங்கர் என்ன செய்கிறது

கம்பைலர் ஒவ்வொரு சி கோப்பையும் தனித்தனி ஆப்ஜெக்ட் கோப்பாக்கிவிட்டுப் போய்விடும். "இந்த ஃபங்ஷன் வேறெங்கோ இருக்கிறது" என்று விட்ட காலி இடங்கள் அதில் அப்படியே கிடக்கும். அவற்றை நிரப்பி, எல்லாத் துண்டுகளையும் ஒட்டி ஓடும் கோப்பாக்குவது லிங்கர். சோலாரிஸ் என்ற யுனிக்ஸின் கையேட்டில் இதையே லிங்க் எடிட்டர் என்பார்கள். செய்கிற வேலைக்கு அந்தப் பெயர் இன்னும் பொருத்தம்.

ஸ்டேட்டிக் லைப்ரரி என்றால் வேண்டிய கோடை, அதாவது கம்பைல் ஆன நிரல் துண்டை, நிரலுக்குள்ளேயே நகலெடுத்து வைத்துவிடும். ஷேர்டு லைப்ரரி என்றால் "ஓடும்போது இந்தப் பெயருள்ள லைப்ரரி தேவை" என்று ஒரு குறிப்பை மட்டும் நிரலில் எழுதி வைக்கும். நிரல் தொடங்கும்போது டைனமிக் லோடர் அந்தக் குறிப்பைப் படித்து, லைப்ரரியைத் தேடி எடுத்து, மீதி இடங்களை நிரப்பும். ஆக ஒட்டுகிற வேலை இரண்டாகப் பிரிகிறது: பாதி கட்டும்போது, பாதி ஓடும்போது. ஷேர்டு லைப்ரரியில் வரும் பிரச்சினைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு நேரங்களுக்கும் நடுவில் ஏதோ மாறிப்போனதால் வருபவை. எந்தப் பிழைச் செய்தியைப் பார்த்தாலும் "இது லிங்கர் சொல்வதா, லோடர் சொல்வதா?" என்று முதலில் கேளுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே அவிழும்.

படி 1: தலைப்புக் கோப்பும் கோடும்

எழுத்து.எச், எழுத்து.சி என்று இரண்டு கோப்புகள். தலைப்புக் கோப்பில் ஒரே ஒரு ஃபங்ஷன்: ஒரு சரத்தை வாங்கி, எத்தனை எழுத்து என்று முழு எண்ணாகத் திருப்பித் தருவது. பெயர் எழுத்து_கவுன்ட். உள்ளே நடப்பது எளிது: சரத்தைக் குறியீடு குறியீடாகப் படித்து, கால், கொம்பு போன்ற உயிர்க் குறிகளையும் புள்ளியையும் விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணுவது. "கொ" என்பதை ஒற்றைக் குறியாக எழுதினாலும், கொம்பும் காலும் தனித்தனியாக வந்தாலும் விடை ஒன்றுதான்; குறிகளை எப்படியும் எண்ணப் போவதில்லையே.

பெயர்களுக்கு முன்னால் எழுத்து_ என்ற ஒட்டு வேண்டும். லினக்ஸில் ஒரு நிரலுக்குள் ஏறும் எல்லா லைப்ரரிகளின் பெயர்களும் ஒரே கூடத்தில்தான் நிற்கும். நீங்கள் வெறுமனே கவுன்ட் என்று பெயர் வைத்து, நிரலிலோ வேறு லைப்ரரியிலோ அதே பெயர் இருந்தால், தேடும் வரிசையில் முதலில் நிற்பவர் அழைக்கப்படுவார். எச்சரிக்கை எதுவும் வராது.

படி 2: எங்கே வைத்தாலும் ஓடும் கோடு

ஜிசிசி -எஃப்பிக் -ஓ2 -வால் -சி எழுத்து.சி

இதில் எஃப்பிக் என்பதில் எஃப் சின்னது, மற்ற மூன்றும் பெரிய எழுத்து. -ஓ2வில் ஓவும், -வாலில் டபிள்யூவும் பெரியவை; எண் இல்லாமல் -ஓ என்று தனியாக வருவது சின்னது. இந்த எஃப்பிக் எதற்கு என்று கொஞ்சம் நின்று பார்ப்போம்.

லைப்ரரியின் கோடு நினைவகத்தில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கும். நூறு நிரல்கள் ஓடினாலும் எல்லாம் அதே பக்கங்களைத்தான் படிக்கும். ஆனால் ஒவ்வொரு நிரலிலும் அந்த லைப்ரரி உட்காரும் முகவரி வேறு வேறு. "இத்தனாவது முகவரிக்குப் போ" என்று கோடுக்குள் நேரடியாக எழுதியிருந்தால், ஒரு நிரலுக்குச் சரியாக இருப்பது அடுத்த நிரலுக்குத் தப்பாகும். திருத்தி எழுதலாம் என்றால், திருத்திய உடனே அந்தப் பக்கம் தனிப் பிரதியாகிவிடும், பகிர்வு போய்விடும்.

எல்ஃப் என்ற இன்றைய நிரல்கோப்பு வடிவத்துக்கு மாறுவதற்கு முன் லினக்ஸில் இதற்கு இருந்த தீர்வு, ஒவ்வொரு லைப்ரரிக்கும் நிரந்தர முகவரி ஒன்றை ஒதுக்குவது. வீட்டு மனை போல ஒதுக்கி, ஒன்றோடொன்று மோதாமல் பட்டியல் வைத்துக் காக்க வேண்டும். லைப்ரரி வளர்ந்து ஒதுக்கிய இடம் போதவில்லை என்றால் சிக்கல்தான். 1988இல் வந்த சன் நிறுவனத்தின் யுனிக்ஸான சன்ஓஎஸ் 4.0 வேறு வழியில் போனது: கோடு எங்கே உட்கார்ந்தாலும் ஓடும்படி எழுதுவது. சிஸ்டம் வி ரிலீஸ் 4 என்ற யுனிக்ஸில் பிறந்த எல்ஃப் வடிவமும் இதே வழிதான். தொண்ணூறுகளின் நடுவில் லினக்ஸும் அதற்கு மாறியது.

எஃப்பிக் கொடுத்தால் கோடு எந்த முகவரியையும் தனக்குள் வைத்துக்கொள்ளாது. "நான் நிற்கும் இடத்திலிருந்து இவ்வளவு தூரத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது, அதில் பார்" என்று எழுதப்படும். அந்த அட்டவணைக்குப் பெயர் காட். அது தரவுப் பகுதியில் இருப்பதால் ஒவ்வொரு நிரலுக்கும் தனிப் பிரதி; லோடர் அதை மட்டும் நிரப்பிவிடும். கோடுப் பக்கம் யாரும் தொடாமல் பொதுவாகவே இருக்கும். வெளி ஃபங்ஷன்களை அழைக்கும்போது நடுவில் பிஎல்டி என்ற சிறு படிக்கட்டு வரும். அது காட் அட்டவணையைப் பார்த்துச் சரியான இடத்துக்குத் தாவும்.

எஃப்பிக் மறந்தால் பெரும்பாலும் அடுத்த படியில் லிங்கர் "ரீகம்பைல் வித் -எஃப்பிக்" என்று சொல்லி நிறுத்தும். அந்தச் செய்தியின் முன்பகுதி பயமுறுத்துவது போல இருக்கும். கடைசி மூன்று சொற்களைப் படித்தால் போதும்.

படி 3: லைப்ரரியாக ஒட்டுவது, மூன்று பெயர்கள்

ஜிசிசி -ஷேர்ட் -டபிள்யூஎல்,-எஸ்ஓநேம்,லிப்எழுத்து.எஸ்ஓ.1 -டபிள்யூஎல்,-இசட்,டெஃப்ஸ் -ஓ லிப்எழுத்து.எஸ்ஓ.1.0.0 எழுத்து.ஓ

டபிள்யூ பெரியது, எல் சின்னது: "இதை நீ வைத்துக்கொள்ளாதே, லிங்கரிடம் கொடு" என்று ஜிசிசிக்குச் சொல்வது. இசட் டெஃப்ஸ் என் சொந்தப் பரிந்துரை. ஷேர்டு லைப்ரரி கட்டும்போது ஏதாவது ஃபங்ஷன் கிடைக்காவிட்டாலும் லிங்கர் கண்டுகொள்ளாது, ஓடும்போது கிடைக்கும் என்று விட்டுவிடும். இதைக் கொடுத்தால் விடாது, அங்கேயே பிடித்துச் சொல்லும்.

சரி, பெயர்களுக்கு வருவோம். லிப்எழுத்து.எஸ்ஓ.1.0.0 என்பது கோப்பின் நிஜப் பெயர். லிப்எழுத்து.எஸ்ஓ.1 என்பது எஸ்ஓநேம், லோடர் தேடும் பெயர். பின்னால் எண்ணே இல்லாத லிப்எழுத்து.எஸ்ஓ என்பது கட்டும்போது லிங்கர் தேடும் பெயர். பின்னிரண்டும் நிஜக் கோப்பைக் காட்டும் சிம்லிங்க்குகள்.

மூன்றில் எஸ்ஓநேம்தான் உயிர். உங்கள் லைப்ரரியோடு யாராவது தங்கள் நிரலை லிங்க் செய்யும்போது, அந்த நிரலுக்குள் எழுதப்படுவது கோப்பின் பெயரல்ல, லைப்ரரிக்குள் பதிந்திருக்கும் எஸ்ஓநேம். அதாவது அந்த நிரல் கேட்பது "1.0.0 வேண்டும்" என்றல்ல, "1 என்ற வாக்கைக் காப்பாற்றும் எதுவானாலும் சரி" என்று. நாளை நீங்கள் 1.0.1, 1.2.0 என்று வெளியிட்டாலும் எஸ்ஓநேம் 1 ஆகவே இருக்கும் வரை பழைய நிரல்கள் எதையும் திரும்பக் கம்பைல் செய்ய வேண்டியதில்லை. வாக்கை மீறும் மாற்றம் ஒன்று செய்துதான் ஆக வேண்டும் என்றால் எஸ்ஓநேமை 2 ஆக்குங்கள். 1உம் 2உம் ஒரே கணினியில் அடுத்தடுத்து இருக்கும்; பழையவர்கள் பழையதையும் புதியவர்கள் புதியதையும் எடுத்துக்கொள்வார்கள். எஸ்ஓநேம் கொடுக்காமல் கட்டும் லைப்ரரிக்கு இந்த வசதி எதுவும் கிடையாது.

பதிந்ததா என்று பார்க்க: ரீட்எல்ஃப் -டி லிப்எழுத்து.எஸ்ஓ.1.0.0. அதில் எஸ்ஓநேம் என்ற வரி இருக்க வேண்டும்.

படி 4: வெளியே தெரிய வேண்டியதை மட்டும் தெரிய விடுங்கள்

லைப்ரரி வெளியே காட்டும் பெயர்களைப் பட்டியலிட, என்எம் -டி லிப்எழுத்து.எஸ்ஓ.1.0.0 என்று கொடுத்துப் பாருங்கள். இங்கே டி பெரியது. நீங்கள் உள்வேலைக்காக எழுதிய சின்னச் சின்ன ஃபங்ஷன்களில் ஸ்டேட்டிக் என்று குறிக்காதவை எல்லாம் வெளியே தெரியும். தெரிவதை யாராவது பயன்படுத்துவார்கள். பயன்படுத்திவிட்டால் பிறகு அதையும் நீங்கள் சுமக்க வேண்டும்.

கம்பைல் செய்யும்போது -எஃப்விசிபிலிட்டி=ஹிட்டன் என்று கொடுத்தால் எல்லாம் மறையும். வெளியே தெரிய வேண்டியவற்றுக்கு மட்டும் சி கோடில் விசிபிலிட்டி டிஃபால்ட் என்ற அட்ரிபியூட்டை எழுதுங்கள். முதல் வெளியீட்டுக்கு முன்பே இதைச் செய்வது நல்லது. பின்னால் மறைப்பது வாக்கு மீறுவதாகிவிடும்.

படி 5: பயன்படுத்துவது

முதலில் எல்என் -எஸ் கட்டளையால் எண் இல்லாத பெயரை நிஜக் கோப்புக்குச் சிம்லிங்க் ஆக்குங்கள். பிறகு:

ஜிசிசி சோதனை.சி -எல். -எல்எழுத்து -ஓ சோதனை

முதல் எல் பெரியது, பக்கத்தில் புள்ளி: இந்த அடைவிலும் தேடு. இரண்டாவது எல் சின்னது, முன்னால் லிப், பின்னால் எஸ்ஓ இரண்டையும் லிங்கரே சேர்த்துக்கொள்ளும். லைப்ரரியை எப்போதும் உங்கள் கோப்புகளுக்குப் பிறகே எழுதுங்கள். உபுண்டுவில், அதுவரை யாருக்கும் தேவைப்படாத லைப்ரரியை லிங்கர் கழற்றிவிடும். முன்னால் எழுதினால் "அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்" என்று வரும். லைப்ரரி கண்ணெதிரே இருக்க ஏன் இப்படி என்று மண்டை காயும்.

லிங்க் ஆகிவிட்டது. ஓட்டினால் "கெனாட் ஓப்பன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்" என்று வரும். பதறாதீர்கள், இது லோடர் சொல்வது. -எல் புள்ளி என்று நாம் சொன்னது லிங்கரிடம். லோடருக்கு அது தெரியாது. லோடர் தேடும் வரிசை இது: எல்டி_லைப்ரரி_பாத் என்ற சூழல் மாறி, பிறகு நிரலுக்குள் எழுதப்பட்ட ரன்பாத், பிறகு எல்டிகான்ஃபிக் என்ற கட்டளை தயாரித்து வைத்திருக்கும் கேஷ் (லைப்ரரிகள் இருக்கும் இடங்களின் பட்டியல்), கடைசியில் சிஸ்டத்தின் வழக்கமான லிப் அடைவுகள்.

சோதனை செய்ய மட்டும் என்றால் சூழல் மாறி போதும். ஆனால் எஸ்ஓநேம் பெயரில் ஒரு சிம்லிங்க்கும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே பிழை தொடரும். இந்த மாறியை பாஷ் தொடக்கக் கோப்பில் நிரந்தரமாக எழுதி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு நிரலுக்கும் அது பொருந்தும். சம்பந்தமே இல்லாத ஒன்று என்றாவது தவறான லைப்ரரியை எடுத்துக்கொள்ளும்.

நிரலையும் லைப்ரரியையும் ஒரே பொட்டலமாகக் கொடுக்கிறீர்கள் என்றால் ரன்பாத்தில் டாலர் ஒரிஜின் என்று எழுதுங்கள்; "நிரல் இருக்கும் அடைவிலிருந்து பார்" என்று பொருள். ஒற்றை மேற்கோளுக்குள் போட வேண்டும், இல்லாவிட்டால் ஷெல் அதைத் தன் மாறி என்று நினைத்துத் தின்றுவிடும். சிஸ்டம் முழுவதற்கும் நிறுவுகிறீர்கள் என்றால் யுஎஸ்ஆர் லோக்கல் லிப் அடைவில் வைத்து, ரூட்டாக எல்டிகான்ஃபிக் ஓட்டுங்கள். எஸ்ஓநேம் சிம்லிங்க்கை அதுவே போட்டுவிடும். டெபியன், உபுண்டுவில் இவ்வளவுதான். ஃபெடோராவில் அந்த அடைவு தேடல் பட்டியலில் தானாக இருக்காது. எட்சி அடைவில் எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி என்பதற்குள் ஒரு கோப்புப் போட்டுச் சேர்க்க வேண்டும்.

எந்த லைப்ரரி எங்கிருந்து வருகிறது என்று எல்டிடி காட்டும். நம்பிக்கையில்லாத நிரலின் மேல் மட்டும் எல்டிடி ஓட்டாதீர்கள், சில நேரம் அது நிரலையே ஓட்டிவிடும். அங்கே ரீட்எல்ஃப் -டி போதும். இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டுமானால் எல்டி_டிபக்=லிப்ஸ் என்று முன்னால் வைத்து நிரலை ஓட்டுங்கள்; லோடர் எந்தெந்த அடைவில் எட்டிப் பார்த்தது என்று வரிவரியாகச் சொல்லும்.

படி 6: ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றுவது

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், ஒரு மதியம், திருத்திய லைப்ரரியைப் பழையதன் மேல் சிபி கட்டளையால் நகலெடுத்தேன். ஒரே வரித் திருத்தம்தான். என்டரை அழுத்திய அடுத்த நொடி, அந்த சர்வரில் அந்த லைப்ரரியைப் பயன்படுத்திய நிரல்கள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. லாக் திரையில் "செக்மென்டேஷன் ஃபால்ட்", "பஸ் எரர்" என்று மேலே மேலே ஓடியது. புதிய லைப்ரரியில் பிழை என்று நினைத்து அதையே அரை மணி நேரம் தேடினேன். பிழை அதில் இல்லை.

சிபி பழைய கோப்பை அழித்துப் புதியது உண்டாக்குவதில்லை. அதே கோப்பைத் திறந்து, உள்ளடக்கத்தைக் காலி செய்து, மேலேயே எழுதுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் அந்தக் கோப்பைத்தான் தங்கள் நினைவகத்தில் விரித்து வைத்திருக்கின்றன. காலடி மண்ணை உருவியது போல ஆகிவிடும். ஓடும் நிரலின் கோப்பை இப்படி எழுதப் போனால் கர்னல் "டெக்ஸ்ட் ஃபைல் பிஸி" என்று தடுக்கும். லைப்ரரிக்கு அந்தக் காவல் இல்லை.

சரியான வழி: அதே அடைவில் வேறு பெயரில் நகலெடுத்து, எம்வி கட்டளையால் பெயர் மாற்றுவது. அல்லது இன்ஸ்டால் கட்டளை, அது பழையதை முதலில் நீக்கிவிடும். பழைய கோப்பின் பெயர் போனாலும், அதைப் பிடித்திருக்கும் நிரல்கள் முடியும் வரை உள்ளடக்கம் வட்டில் இருக்கும்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. 2014இல் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டபோது, லைப்ரரியை மட்டும் மாற்றி, சர்வர் நிரல்களை மறுபடி தொடங்காமல் விட்டால் அவை நினைவகத்தில் பழைய ஓட்டையோடுதான் ஓடிக்கொண்டிருக்கும். ப்ராக் அடைவில் அந்த நிரலின் மேப்ஸ் கோப்பைப் பாருங்கள். லைப்ரரியின் பெயருக்குப் பக்கத்தில் டெலீட்டட் என்று இருந்தால், மறுதொடக்கம் பாக்கி.

படி 7: வாக்கைக் காப்பது

லைப்ரரி கட்டுவது பத்து நிமிட வேலை. எஸ்ஓநேமில் இருக்கும் அந்த 1ஐக் காப்பாற்றுவதுதான் வருடக்கணக்கான வேலை. ஒரு உதாரணத்தைக் கிட்டே வைத்துப் பார்ப்போம்.

எழுத்து வகை வாரியாக எண்ணிக்கை தர ஒரு ஸ்ட்ரக்ட் வைக்கிறீர்கள்: உயிர், மெய், உயிர்மெய் என்று மூன்று முழு எண்கள், 12 பைட். "தமிழ்" என்றால் 0, 1, 2. அழைப்பவர் தன் ஸ்டாக்கில் (ஃபங்ஷனின் மாறிகள் இருக்கும் நினைவகப் பகுதியில்) அந்த ஸ்ட்ரக்டுக்கு இடம் ஒதுக்கி முகவரியை அனுப்புகிறார். எல்லாம் நன்றாக ஓடுகிறது. ஆறு மாதம் கழித்து ஒருவர் "அஃது" என்று கொடுத்துப் பார்க்கிறார். 1, 0, 1 வருகிறது. ஆய்தத்தை மறந்துவிட்டோம்! 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஆய்தம் 1, மொத்தம் 247 என்று பள்ளியில் படித்ததுதான்.

ஆய்தத்துக்கு ஒரு புலத்தை நடுவில் சேர்த்தால், பழைய நிரல் உயிர்மெய் என்று படிக்கும் இடத்தில் இப்போது வேறு எண் இருக்கும். கடைசியில் சேர்த்தால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் பழைய நிரல் ஒதுக்கியது 12 பைட். புதிய லைப்ரரி எழுதுவது 16. அந்த நான்கு பைட் பழைய நிரலின் ஸ்டாக்கில் பக்கத்தில் இருக்கும் எதன் மேலோ போய் விழும். லிங்கரும் லோடரும் ஒரு வார்த்தை சொல்லாது, ஏனென்றால் ஃபங்ஷனின் பெயர் மாறவில்லை.

தப்பிக்க வழிகள் உண்டு. ஸ்ட்ரக்டின் உள்ளமைப்பைத் தலைப்புக் கோப்பில் காட்டாமல், லைப்ரரியே அதை உருவாக்கிப் பாயின்டரை மட்டும் கொடுத்து, ஒவ்வொரு எண்ணையும் கேட்க ஒரு ஃபங்ஷன் வைப்பது நான் எப்போதும் தேர்வு செய்வது. இன்னொன்று, அழைப்பவர் ஸ்ட்ரக்டின் அளவையும் சேர்த்து அனுப்புவது. ஏற்கெனவே வெளியிட்டுவிட்டீர்கள் என்றால், பழையதைத் தொடாமல் வேறு பெயரில் புது ஃபங்ஷன் சேர்க்கலாம். அதுவும் முடியாவிட்டால் எஸ்ஓநேமை 2 ஆக்க வேண்டும்.

நடத்தையும் வாக்கில் சேரும். இன்று க்ஷ என்பதை இரண்டு எழுத்தாக எண்ணும் லைப்ரரி நாளை ஒன்றாக எண்ணினால், ஸ்ட்ரக்ட் எதுவும் மாறாமலே நிரல்கள் உடையலாம். 2010இல் ஃபெடோரா 14இல் நடந்தது இதுதான். லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியில், நினைவகத்தில் நகலெடுக்கும் மெம்காப்பி ஃபங்ஷன் வேகத்துக்காகப் பின்னாலிருந்து முன்னாக நகலெடுக்கத் தொடங்கியது. ஃபிளாஷ் வீடியோக்களில் ஒலி சிதைந்தது. ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களுக்கு மெம்காப்பி பயன்படுத்தக் கூடாது என்பது விதி. அந்த வீடியோக்களை ஓட்டிய ஃபிளாஷ் ப்ளகின் அதை மீறியிருந்தது. விதிப்படி ஜிலிப்சியின் பக்கம்தான் நியாயம், பாட்டுக் கேட்டவர்களுக்கு அதனால் என்ன பயன்? பிறகு ஜிலிப்சி 2.14இல் மெம்காப்பிக்குப் புதிய வெர்ஷன் கொடுத்து, பழைய நிரல்களுக்குப் பழைய பாதுகாப்பான நடத்தை கிடைக்கும்படி செய்தார்கள். ஒரே பெயர், ஒரே கோப்புக்குள் இரண்டு ஃபங்ஷன்கள்.

அந்த வசதி உங்கள் லைப்ரரிக்கும் கிடைக்கும். வெர்ஷன் ஸ்கிரிப்ட் என்று ஒரு சின்னக் கோப்பில், லிப்எழுத்து_1.0 என்ற தலைப்பின் கீழ் குளோபல் பகுதியில் எழுத்து_கவுன்ட் பெயரையும், லோக்கல் பகுதியில் ஒரு நட்சத்திரக் குறியையும் எழுதி, லிங்கருக்கு -வெர்ஷன்-ஸ்கிரிப்ட் என்று கொடுங்கள். இங்கே முன்னால் இரண்டு ஹைஃபன் வேண்டும். புது ஃபங்ஷன் சேர்க்கும்போது 1.1 என்று இன்னொரு தலைப்பு. இப்போது 1.1 கேட்கும் நிரலைப் பழைய லைப்ரரி உள்ள கணினியில் ஓட்டினால், தொடக்கத்திலேயே "வெர்ஷன் நாட் ஃபவுண்ட்" என்று நின்றுவிடும். பாதி வேலையில் விழுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் நான் செய்வது இரண்டு. முந்தைய வெளியீட்டின் என்எம் -டி பட்டியலையும் புதியதையும் டிஃப் கொடுத்துப் பார்ப்பேன். ஒரு பெயர்கூடக் காணாமல் போயிருக்கக் கூடாது. அப்புறம், முதல் வெளியீட்டோடு கம்பைல் செய்து பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பழைய சோதனை நிரலை, திரும்பக் கம்பைல் செய்யாமல், புதிய லைப்ரரியோடு அப்படியே ஓட்டுவேன். "தமிழ்" என்றால் 3, "அஃது" என்றால் 3 என்று வந்த பிறகுதான் எல்டிகான்ஃபிக்.